ஏரைப் புகழ்ந்தனர், நிலத்தைப் பறித்தனர்

குடியரசு என்னும் சொல்லைக் கேட்டதும் கற்றோர் மனத்தில் முதலில் எழுவது உரோமாபுரியின் பெயராகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்சபை இன்றும் 'செனற்' என்ற உரோமப் பெயரையே தாங்கி நிற்கின்றது. இலங்கையின் நீதிமன்றங்களிலே உரோமன்-டச்சுச் சட்டம் பொதுச் சட்டமாக வழங்கி வருகின்றது. அச்சட்டத்தின் ஊற்றுக்கண்ணைத் தேடிப் பின்னோக்கிச் செல்லும் சட்ட மாணாக்கன், கி. மு. 451, 450ஆம் ஆண்டுகளிலே உரோமாபுரியில் வரையப்பட்ட பன்னிரு பலகைகளிலே சென்று முடிவான். இத்துணைப் பெருமை வாய்ந்த நாட்டின் சாதனைகளை மறுக்க எவராலும் இயலாது. எனினும், அந்நாட்டின் புகழைப் பாடியோர் யாவர், அவர் எதனை எடுத்துப் பாடினர், எதனை மறைத்துப் பாடினர் என்று வினவும் உரிமை நமக்கு உண்டு. ஏனெனில், அவர் பாடிய பழங்கதைகள் இன்றும் உலகெங்கும் அரசியல் மேடைகளில் விலை போகின்றன.

எளிய வாழ்வு வாழ்ந்த உத்தமத் தலைவர், ஒருவரையொருவர் அணைத்துச் சென்ற செல்வரும் வறியரும், கொடுங்கோலை எதிர்த்து வாளேந்திய விடுதலை வீரர்: இவையே உரோமாபுரியைப் பற்றி நாம் கேட்டு வளர்ந்த சித்திரங்கள். இச்சித்திரங்களைச் சுவரிலிருந்து கழற்றிப் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்போம்.

கலப்பையை விட்டு வந்த தலைவன்

கி. மு. 458இல் ஈக்குவர் என்னும் மலைநாட்டார் உரோமப் படையொன்றை முற்றுகையிட்டனர். செனற் சபையார் கலங்கி, சின்சினாற்றஸ் என்பவரைச் சர்வாதிகாரியாக நியமித்துத் தூதரை அனுப்பினர். தூதர் சென்றபோது அவர் தைபர் நதிக்கு அப்பால், நான்கு யூகரம் பரப்புடைய தம் சிறு நிலத்திலே பாடுபட்டுக்கொண்டிருந்தார். நான்கு யூகரம் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். யாழ்ப்பாணத்துக் கமக்காரர் கணக்கிற் கூறின் 40 பரப்பு. மனைவி கொண்டுவந்து கொடுத்த மேலாடையை உடுத்துப் புறப்பட்டார், பகைவரை வென்றார், ஆறு திங்களுக்கென அளிக்கப்பட்ட அதிகாரத்தைப் பதினாறாம் நாளிலேயே துறந்து வயலுக்கு மீண்டார்.

உள்ளத்தை உருக்கும் கதைதான். அமெரிக்காவின் முதற் சனாதிபதி வாஷிங்டனை அந்நாட்டார் தம் சின்சினாற்றஸ் என்று போற்றினர். அவரோடு போர் புரிந்த அதிகாரிகள் 1783இல் அமைத்த சங்கத்துக்கு அவர் பெயரையே சூட்டினர். ஒகையோ நதிக்கரையிலே ஒரு பெருநகரமும் அச்சங்கத்தின் வழியாக அப்பெயரைப் பெற்றது.

ஆயின், இக்கதையை நமக்குச் சொல்லிய லிவி என்னும் வரலாற்றாசிரியர், நிகழ்ச்சிக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, ஒகஸ்தஸ் பேரரசனின் காலத்தில் வாழ்ந்தவர். அவர் நூலிலேயே கதையின் மறுபாதியும் கிடக்கின்றது. மேடையிற் பேசுவோர் அதனைப் படிப்பதில்லை.

சின்சினாற்றஸ் வறியவரானது எவ்வாறு? அவர் பிறப்பிலே உயர்குடியினர்; நிலபுலம் உடையவர். அக்காலத்தில் சட்டம் எழுத்தில் இல்லை. உயர்குடிப் பிறந்தோரே அதனை நினைவிற் கொண்டு, தாம் விரும்பியவாறு தீர்ப்புரைத்தனர். கி. மு. 462 தொடக்கம் பொதுமக்கள், சட்டத்தை எழுத்தில் வரைந்து எல்லோரும் அறியச் செய்க என்று கேட்டனர். அக்கோரிக்கையை அடிதடியினால் தடுத்த உயர்குடி இளைஞருக்கு முன்னின்றவன் சின்சினாற்றஸின் மகன் கேசோ. அவன்மீது வழக்குத் தொடரப்பட்டது. பிணையில் விடப்பட்டவன் இரவோடிரவாக நாட்டைவிட்டு ஓடினான். பிணைப் பணத்தை இறுக்கும்பொருட்டுத் தந்தை தம் சொத்தை விற்றார். தைபருக்கு அப்பால் குடிசையிலே ஒதுங்கினார். உலகம் போற்றும் அந்த வறுமை, மக்களுக்கு எழுத்துச் சட்டம் கிடையாதவாறு போராடிய மகனுக்காகக் கட்டிய தண்டத்தின் விளைவு.

அவர் இரண்டாம் முறையும் சர்வாதிகாரியானார் என்று மரபு கூறுகின்றது. அது கி. மு. 439. நாட்டிலே பஞ்சம். ஸ்பூரியஸ் மேலியஸ் என்ற செல்வர், பொதுமக்கள் வகுப்பைச் சேர்ந்தவர், தம் சொந்தப் பணத்தில் எத்துரூரியா நாட்டிலிருந்து தானியம் வாங்கிப் பசித்தோருக்கு வழங்கினார். அரசனாக முயல்கின்றான் என்று அவர்மேற் குற்றஞ் சாட்டப்பட்டது. சர்வாதிகாரியின் துணைவன் செர்விலியஸ் அஹாலா அவரை நகரின் நடுவே வெட்டிக் கொன்றான். கொன்றது முறையே என்று சின்சினாற்றஸ் மக்கள் முன்னிலையில் அறிவித்தார். மேலியஸின் வீடும் தரைமட்டமாக்கப்பட்டது.

இக்கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு புனைவு என்பது ஆராய்ச்சியாளருக்குரிய வினா. நமக்கு வேண்டிய செய்தி வேறு. பிற்கால உரோம ஆளும் வகுப்பார் இக்கதையைப் பெருமையோடு சொல்லிக்கொண்டனர். கலப்பை பிடித்த கையையும், பசித்தவனுக்குத் தானியம் கொடுத்தவனைக் கொன்றது முறையென ஏற்ற கையையும் ஒரே கையாகக் காட்டுவதிலே அவர்களுக்குக் கூச்சம் இருக்கவில்லை. உலகமோ கலப்பையை மட்டும் எடுத்துக்கொண்டது.

வயிறும் உறுப்புக்களும்

இரண்டாவது சித்திரம் ஒற்றுமைச் சித்திரம். கி. மு. 494இல் கடன் தொல்லை தாங்கமாட்டாத பொதுமக்கள், போருக்குச் செல்ல மறுத்து, நகரை விட்டு வெளியேறிப் புனித மலை என்னும் குன்றிலே தங்கினர். அவர்களைச் சமாதானப்படுத்தச் சென்ற மெனேனியஸ் அக்ரிப்பா ஒரு கதை சொன்னாராம். கைகளும் வாயும் பற்களும் வயிற்றின்மேற் பொறாமை கொண்டு உழைப்பை நிறுத்தின. வயிறு வாடவே உடல் முழுவதும் வாடிற்று. வயிறு உண்பது எல்லா உறுப்புக்களுக்கும் ஊட்டுவதற்காகவே என்பதை அவை உணர்ந்தன. செனற் சபையே வயிறு, மக்களே உறுப்புக்கள் என்பது பொருள். கதையைக் கேட்ட மக்கள் மனமிரங்கித் திரும்பினர் என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் முடிக்கின்றன.

கதையைக் கேட்டா மக்கள் திரும்பினர்? இல்லை. தங்களைக் காக்கத் தாங்களே தெரிந்தெடுக்கும் காவலரை, திரிபூன் எனப்படுவோரை, அமைத்துக்கொண்ட பின்னரே திரும்பினர். அக்காவலரின் உடலை எவனும் தீண்டலாகாது என்ற உறுதியையும் பெற்றனர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அந்த உழவர் அறிந்திருந்தனர். வயிற்றுக் கதை வயிற்றை நிரப்பவில்லை. குன்றின்மேல் உறுதியாக இருந்த இருப்பே பலனளித்தது.

அவர்கள் எதிர்த்த கடன் கொடுமை எத்தகையது என்பதைப் பன்னிரு பலகைகளே காட்டுகின்றன. கடனை ஒப்புக்கொண்டவனுக்கு 30 நாள் தவணை. அதற்குள் இறுக்காவிடின் கடன் கொடுத்தவன் அவனைப் பிடித்து விலங்கிடலாம். 60 நாள் சிறை. அதற்கிடையே மூன்று சந்தை நாட்களில் அவனை வெளியே கொணர்ந்து கடன் தொகையை அறிவிக்கவேண்டும். மீட்பார் எவருமில்லையெனின், தைபர் நதிக்கு அப்பால் அடிமையாக விற்கலாம், கொல்லவும் செய்யலாம். விளைச்சல் பொய்த்த ஓராண்டிலே விதைநெல்லுக்குக் கடன்பட்ட எந்தக் கமக்காரனும் இதன் பொருளை உணர்வான். அதே பலகைகள் உயர்குடியினரும் பொதுமக்களும் மணவுறவு கொள்ளலாகாது என்றும் விதித்தன. ஓருடலின் உறுப்புக்கள் என்று கதை சொன்னவர்கள், அவ்வுறுப்புக்களோடு சம்பந்தம் செய்ய மறுத்தார்கள்.

மணத்தடை கி. மு. 445இல் நீங்கிற்று. இரு கொன்சல்மாருள் ஒருவர் பொதுமக்கள் வகுப்பினராகலாம் என்ற வழி கி. மு. 367இல் திறந்தது. கடனுக்காக உடலை ஈடு வைக்கும் வழக்கம், லிவி கூறும் கணக்கின்படி, கி. மு. 326இல் ஒழிந்தது. கடன் தொல்லையால் மக்கள் மீண்டும் வெளியேறியதன் பின், ஏறக்குறைய கி. மு. 287இல், பொதுமக்கள் சபையின் தீர்மானம் நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும் சட்டமாயிற்று. இவை மெய்யான வெற்றிகள். அவற்றை மறைத்தல் நேர்மையாகாது. ஆனால் இவற்றுள் எந்த ஒன்றாவது ஒரு நல்ல தலைவர் மனமிரங்கி அளித்த கொடையா? உழைப்பையும் படைத்தொழிலையும் மக்கள் ஒன்றுபட்டு நிறுத்தியதும், பெற்றதை எழுத்திலே பொறித்துக்கொண்டதுமே அவற்றை ஈட்டித் தந்தன.

வாக்கு இருந்தது, வலிமை இல்லை

உரோமக் குடிமகனுக்கு வாக்குரிமை உண்டு என்பர். பெண்டிருக்கும் அடிமைகளுக்கும் அது இல்லை என்பது ஒருபுறமிருக்க, ஆடவருக்கும் அது எவ்வாறு அமைந்திருந்தது? கொன்சல்மாரைத் தெரிவு செய்யும் பேரவையிலே தனித்தனி ஆளுக்கு வாக்கில்லை, குழுவுக்கே வாக்கு. மரபு கூறும் அமைப்பின்படி மொத்தம் 193 குழுக்கள். குதிரைப்படைச் செல்வருக்கு 18. முதல் வகுப்புச் சொத்துடையாருக்கு 80. இரண்டுஞ் சேர்ந்து 98. பெரும்பான்மைக்கு வேண்டியது 97. செல்வர் முதலில் வாக்களிப்பர். அவர்கள் ஒருமித்துவிட்டால் வாக்கெடுப்பு அத்துடன் நின்றுவிடும். சொத்தேயில்லாத பெருங்கூட்டம் முழுவதற்கும் ஒரே ஒரு குழு. அவர்களது முறை வருவதற்குள் தேர்தல் முடிந்துவிடும்.

பின்னர் இவ்வமைப்பிற் சில மாற்றங்கள் செய்யப்பட்டன. எனினும் செல்வரின் மேலாட்சி குன்றவில்லை. சிசரோ என்ற பேரறிஞர், குடியரசைப் பற்றி எழுதிய நூலில், எண்ணிக்கை மிகுந்தோர் கையில் வலிமை சேராதவாறு பழைய அரசன் இதனை வகுத்தான் என்று பாராட்டியே கூறுகின்றார். மறைப்பதற்கு எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

போருக்குப் போன கமக்காரன்

நிலத்தின் கதை இதனினும் துயரமானது. உரோமப் படை நெடுங்காலம் சிறு கமக்காரரின் படையாகவே இருந்தது. ஓரளவு சொத்துடையவனே போர்வீரனாகலாம். போர் அயலூரோடு நடந்தவரையில் அவன் கோடையிலே போர் செய்து அறுவடைக்கு வீடு திரும்பினான். கார்த்தேச்சோடு நடந்த இரண்டாம் பெரும்போர் கி. மு. 218 முதல் 201 வரை நீடித்தது. அதன் பின் இஸ்பானியாவிலும் கிரேக்கத்திலும் ஆசியாவிலும் போர். ஆண்டுக்கணக்காகக் கடல் கடந்து நின்ற வீரனின் வயலை யார் உழுவது?

எரிகிற வீட்டிற் பிடுங்கியது இலாபம் என்று, வெற்றிகளால் வந்த பொருளைக் கொண்டு செல்வர் நிலம் வாங்கினர். பொதுநிலத்தை வளைத்து வேலியிட்டனர். உழுவதற்கு அடிமைகளும் மலிந்தனர். கி. மு. 167இல் எப்பைரஸ் நாட்டின் 70 ஊர்களிலிருந்து மட்டும் 1,50,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டனர் எனப் பழைய வரலாற்றாசிரியர் குறித்துள்ளனர். அந்த அடிமைகளைப் பிடித்துக் கொடுத்தவன் உரோமக் கமக்காரன். அவன் வீடு திரும்பியபோது, அவன் பிடித்துக் கொடுத்தவனே அயல் நிலத்தில் விலங்குடன் உழுதுகொண்டிருந்தான். அவனுடைய சொந்த நிலமோ கடனில் மூழ்கியிருந்தது.

இக்காலத்தில் ஏறக்குறைய கி. மு. 160இல் கேற்றோ என்ற பெரியார் வேளாண்மை நூலொன்று எழுதினார். பழைய உரோம ஒழுக்கத்தின் உருவம் என்று போற்றப்பட்டவர் அவர். நூலின் முன்னுரை உழவரைப் புகழ்கின்றது. அஞ்சா நெஞ்சுடைய போர்வீரர் உழவரிடையே தோன்றுகின்றனர் என்கின்றது. பக்கத்தைத் திருப்பினால் நூல் யாரைப் பற்றியது? 240 யூகரம் ஒலிவத் தோட்டத்துக்கு 13 பேர், 100 யூகரம் திராட்சைத் தோட்டத்துக்கு 16 பேர் எனக் கணக்கிட்டு, விலங்கிட்ட அடிமைக்கு இத்தனை இறாத்தல் அப்பம் என்று அளந்து கொடுக்கும் பெருநில உடைமையாளரைப் பற்றியது. கிழ எருதையும், தேய்ந்த கருவிகளையும், வயது முதிர்ந்த அடிமையையும், நோயுற்ற அடிமையையும் விற்றுவிடுக என்று ஒரே பட்டியலிலே அறிவுரை தருகின்றது. முன்னுரையிலே சிறு கமக்காரனுக்கு மாலை. நூலினுள்ளே அவனை நிலத்திலிருந்து விரட்டும் கணக்கு.

ஒற்றுமைத் தெய்வத்துக்கு ஒரு கோயில்

இந்நிலையைத் திருத்த முயன்றவர் தைபீரியஸ் கிராக்கஸ். கி. மு. 133இல் அவர் திரிபூனாக இருந்து கொண்டுவந்த சட்டம் புரட்சியன்று. பொதுநிலத்தில் ஒருவர் 500 யூகரத்துக்கு, அதாவது ஏறக்குறைய 310 ஏக்கருக்கு, மேல் வைத்திருக்கலாகாது என்பது ஏற்கெனவே இருந்த பழைய வரம்பு. அதனையே அவர் மீண்டும் வலியுறுத்தினார். பிள்ளைகளுக்கென மேலும் சிறிது விட்டுக்கொடுத்தார். மிகுதியை மீட்டு வறிய குடிமக்களுக்குப் பகிர்ந்தளிக்க மூவர் குழு அமைத்தார். செல்வரின் சொந்த நிலத்தில் ஒரு சாணையும் அவர் தொடவில்லை. அவர்கள் வளைத்து வைத்திருந்த பொதுச் சொத்தையே கேட்டார்.

இவரும் தவறே செய்யாதவர் அல்லர். எதிர்த்து நின்ற சக திரிபூனை வாக்கெடுப்பால் பதவி நீக்கியதும், அடுத்த ஆண்டும் அதே பதவிக்கு நின்றதும் வழக்கத்துக்கு மாறானவை. ஆனால் வழக்கத்தைக் காக்க எழுந்தவர்கள் செய்தது என்ன? தலைமைக் குருவாகிய நாசிக்கா முன்செல்ல, செனற் சபையினர் தடிகளையும் உடைந்த ஆசனக் கால்களையும் ஏந்திச் சென்று, எவரும் தீண்டலாகாதென்று சட்டம் காத்த திரிபூனை அடித்துக் கொன்றனர். அவரோடு ஏறக்குறைய 300 பேர் மாண்டனர். பிணங்கள் தைபர் நதியில் வீசப்பட்டன.

தம்பி கேயஸ் கிராக்கஸ் கி. மு. 123இலும் 122இலும் திரிபூனாகி, தமையனின் பணியைத் தொடர்ந்தார். கி. மு. 121இல் அவரும் உயிரிழந்தார். அவர் தலைக்கு நிறையாகப் பொன் தருவதாகக் கொன்சல் ஒப்பீமியஸ் அறிவித்திருந்தான். அக்கலவரத்திலும் அதனையடுத்தும் 3,000 பேர் வரை கொல்லப்பட்டனர் எனப் பழைய நூல்கள் கூறுகின்றன. அதன் பின் ஒப்பீமியஸ் ஒரு கோயில் கட்டினான். எத்தெய்வத்துக்கு? ஒற்றுமைத் தெய்வத்துக்கு!

வயிற்றுக் கதையின் முடிவு இதுவே. ஒற்றுமை என்று ஆளுவோர் சொல்லும்போது, கேட்பவன் அமைதியாய் இருக்கவேண்டும் என்பதே பொருளானால், அவ்வொற்றுமைக்குக் கோயில் எழுப்பப் பிணங்களே அத்திவாரமாகும்.

விடுதலை வீரனின் வட்டிக் கணக்கு

யூலியஸ் சீசரைக் கி. மு. 44இல் குத்திக் கொன்ற புரூட்டஸை அறியாதார் யார்? சேக்ஸ்பியரின் நாடகத்தைக் கல்லூரியிற் படித்தோர் பலருக்கு அவன் மாசற்ற வீரன். சைப்பிரஸ் தீவின் சலாமிஸ் நகரத்தாருக்கு அவன் வேறுவிதமாகத் தோன்றினான்.

அந்நகரத்தாருக்குப் புரூட்டஸின் பணம் நூற்றுக்கு 48 வட்டிக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டிருந்தது. ஸ்காப்தியஸ் என்ற முகவனே வெளியே தெரிந்தவன். பணம் புரூட்டஸுடையது என்பது பின்னரே வெளிப்பட்டது. நகரத்தார் இறுக்கத் தாமதித்தபோது, ஸ்காப்தியஸ் அரசாங்கக் குதிரைப்படையைக் கொண்டு நகரசபையாரை அவர்தம் மண்டபத்திலேயே அடைத்து வைத்தான். ஐவர் பட்டினியால் இறந்தனர். கி. மு. 51, 50ஆம் ஆண்டுகளில் அப்பகுதிக்கு ஆளுநராக இருந்த சிசரோ தம் நண்பருக்கு எழுதிய கடிதங்களே இதற்குச் சான்று. சிசரோ குதிரைப்படையைத் திருப்பி அழைத்தார். நூற்றுக்கு 12 என்ற வரம்பையே தாம் ஏற்பதாகச் சொன்னார். ஆயினும், நகரத்தார் முதலையும் முறையான வட்டியையும் கட்ட முன்வந்தபோது, புரூட்டஸின் மனம் நோகாதவாறு வழக்கைத் தீர்க்காமலே விட்டுச் சென்றார்.

புரூட்டஸ் பொய்யன் என்று கூறவேண்டியதில்லை. அவன் உண்மையாகவே விடுதலையை விரும்பியிருக்கலாம். அவன் விரும்பிய விடுதலை, தன்னொத்த சில நூறு குடும்பத்தார் எவனுக்கும் தலைவணங்காது வாழும் விடுதலை. வயலிழந்த கமக்காரனும், கடனிற் சிக்கிய சலாமிஸ் நகரத்தானும் அதில் அடங்கார். சீசரின் கொலைக்குப் பின் உரோமப் பொதுமக்கள் திரண்டெழுந்து அவனை வாழ்த்தாதது ஏன் என்பதற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை.

மீட்கப்பட்ட குடியரசு

உள்நாட்டுப் போர்களின் முடிவிலே ஒகஸ்தஸ் வந்தார். கி. மு. 27இல் குடியரசைச் செனற்றுக்கும் மக்களுக்கும் மீட்டளித்துவிட்டதாக அறிவித்தார். கொன்சல்மார் இருந்தனர், செனற் கூடிற்று, பழைய பெயர்கள் யாவும் நிலைத்தன. படையும் கருவூலமும் மட்டும் அவர் கையில் இருந்தன. கி. மு. 23 முதல் திரிபூனின் அதிகாரமும் அவருக்கே. குன்றின்மேல் உறுதியாக இருந்து உழவர் பெற்ற கேடயம் பேரரசனின் அணிகலனாயிற்று. சின்சினாற்றஸின் கதையை லிவி அழகுற எழுதியது இந்நாட்களிலேதான்.

ஒகஸ்தஸ் செனற் உறுப்பினனுக்கு விதித்த குறைந்தபட்சச் சொத்து 10 இலட்சம் செஸ்தர். அவரது படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்தர். ஒரு காசும் செலவிடாமற் சேர்த்தாலும், வீரனொருவன் செனற் வாயிலை அடைய 1,100 ஆண்டுகளுக்கு மேற் செல்லும். தலைநகரின் வறியோரில் ஏறக்குறைய 2,00,000 பேருக்கு இலவசத் தானியம் கிடைத்தது. நிலத்தையும் வாக்கையும் இழந்தவனுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. பின்னொரு காலத்தில், நீரோ மன்னன் கொலைசெய்வித்தபோது ஆபிரிக்க மாகாணத்தின் பாதி நிலம் ஆறே ஆறு பேருக்குச் சொந்தமாயிருந்தது என்று பிளினி எழுதுகின்றார்.

உரோமக் குடியரசு ஆடம்பரத்தாலும் ஒழுக்கக் கேட்டாலும் அழிந்தது என்று சொல்வோர் உளர். இக்கூற்றைப் பரப்பியவர்களுள் ஒருவர் சலஸ்ற் என்ற வரலாற்றாசிரியர். அவரே ஆபிரிக்காவில் ஆளுநராயிருந்து மக்களைச் சூறையாடினார் என்று குற்றஞ் சாட்டப்பட்டவர். உரோமாபுரியில் அவருடைய பூந்தோட்டங்கள் பெயர்பெற்றவை. ஒழுக்கம் கெட்டது உண்மையாயின், எதனால் கெட்டது? உழுதவன் நிலமிழந்தபோது, நிலந் தருவதாகச் சொன்ன படைத்தலைவனுக்கே அவன் விசுவாசம் கொண்டான். குடியரசுக்கு வாளெடுக்க அவனுக்குக் காரணம் எதுவும் எஞ்சியிருக்கவில்லை. ஒரு நாட்டின் பெரும்பான்மையோருக்கு அந்நாட்டில் ஒரு பிடி மண்ணும் இல்லையெனின், அதன் யாப்பு எத்துணை அழகியதாயினும் அதனைக் காக்க எவரும் முன்வரார்.

பிளினி கண்ட இலங்கை

மேலே குறிப்பிட்ட பிளினி நம் தீவைப் பற்றியும் எழுதியுள்ளார். குளோடியஸ் மன்னன் காலத்தில், அதாவது கி. பி. 41க்கும் 54க்கும் இடையே, தப்ரபேன் எனப்பட்ட இலங்கையிலிருந்து நான்கு தூதுவர் உரோமாபுரிக்குச் சென்றனராம். அவர்கள் சொன்னதாகப் பிளினி தருவது இது: அத்தீவில் எவனிடமும் அடிமையில்லை. தானிய விலை ஏறுவதேயில்லை. நீதிமன்றமும் இல்லை, வழக்கும் இல்லை. அரசனை மக்களே தெரிவர்; முதுமையும் அருளும் உடையவனாயும் பிள்ளையற்றவனாயும் இருக்கவேண்டும்; பின்னர் பிள்ளை பிறந்தால், முடி பரம்பரையாகிவிடாதபடி பதவி துறக்கவேண்டும்.

வழக்கில்லாத இலங்கை என்று கேட்டால் நம் வழக்கறிஞர்கள் நகைப்பர். விலை ஏறாத தானியம் என்று கேட்டால் நம் கமக்காரர்கள் நகைப்பர். இம்மண்ணின் பழைய வரலாற்றிலே தந்தைக்குப் பின் மகன் முடிசூடியதையும், முடிக்காக உடன்பிறந்தார் பொருததையும் நாம் அறிவோம். தன் நாட்டிலே கிடையாத நீதியெல்லாம் தொலைவிலுள்ள ஒரு தீவிலே நிலவுகின்றது என்று நம்ப உரோமனுக்கு ஆசையிருந்தது, நம்பினான். தொலைவு இடத்தால் ஆனாலென்ன, காலத்தால் ஆனாலென்ன? உரோமன் நம் தீவைக் கண்ட கண்ணாலேயே உலகம் இன்று உரோமாபுரியைக் காண்கின்றது.

கட்டுக்கதை தன்னளவில் தீங்கானதன்று. நீதியான தலைவனைக் கற்பனை செய்யாத மக்கள் நீதியைக் கேட்கவும் மாட்டார். தீங்கு எப்போது தொடங்குகின்றது? நல்லவன் ஒருவன் கலப்பையை விட்டு வருவான், அதுவரை பொறுத்திரு என்று கதை சொல்லும்போது தொடங்குகின்றது. உரோமப் பொதுமக்கள் பொறுத்திருந்த காலங்களில் எதுவும் கிடைக்கவில்லை. கூடி எழுந்த காலங்களிற் கிடைத்தது. அவ்வாறு கிடைத்தவற்றுள்ளும் நிலம் சேரவில்லை. நிலம் சேராமையால் மற்றவையும் நிலைக்கவில்லை.

ஆகவே, எந்த நாட்டின் பொற்காலத்தைப் பற்றியும் எவர் வந்து பாடினாலும், கற்றோரும் உழவரும் மூன்று வினாக்களைக் கேட்டுப் பழகுதல் நன்று. அப்பொற்காலத்தில் நிலம் யார் பெயரில் இருந்தது? கடன்பட்டவனுக்கு என்ன நேர்ந்தது? வாக்கெடுப்பில் வறியவனின் முறை வருமுன்னே எண்ணிக்கை முடிந்துவிட்டதா? சின்சினாற்றஸின் நான்கு யூகரத்தை உலகம் இரண்டாயிரம் ஆண்டுகளாக அளந்து போற்றி வருகின்றது. அவன் அயலிலே உழுது கடனில் அழிந்த பெயர் தெரியாத கமக்காரனின் வயலை அளந்தவர் எவருமிலர். வரலாறு கற்பது அந்த வயலை அளப்பதற்காகவே.